வேர்க்காத ஊர் வெயில்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. கணவர் காத்தாடி (காற்றாலை) மெக்கானிக். போன டிசம்பரில் ஜெய்சல்மேருக்கு மாற்றலாகி வந்தோம். காற்று எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஹோலி முடிந்ததிலிருந்து இங்கே அடிக்கிற காற்று வேறு மாதிரி இருக்கிறது. துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. எல்லாருக்கும் உதடு வெடிப்பு. ஆறு வயது மகனுக்கு இரண்டு தடவை சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்துவிட்டது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது. கணவர் "எனக்குத்தான் வேர்க்கவே இல்லையே" என்று தண்ணீர் பாட்டிலைப் பாதியோடு திரும்பக் கொண்டு வருகிறார். பக்கத்து வீட்டு அம்மா, பையன் பாக்கெட்டில் வெங்காயம் வைத்து அனுப்பச் சொல்கிறார். ஏப்ரல் கடைசியில் மாமியார் (வயது 64, பிபி உண்டு, சுகருக்கு இன்சுலின் போடுகிறார்) இங்கே வர டிக்கெட் போட்டிருக்கிறார். மார்ச்சிலேயே இப்படி என்றால் மே மாதம் என்ன ஆகும்? நானும் பையனும் ஊருக்குப் போய்விடலாமா?

வாசகி, ஜெய்சல்மேர்

பதில்: முதலில் உங்கள் கணவர் விஷயம். ராணுவ மருத்துவனாக ஜோத்பூரிலும் ஜெய்சல்மேரிலுமாக ஏழு கோடையைக் கழித்தவன் நான். தெற்கிலிருந்து புதிதாக வந்த பையன்கள் அத்தனை பேரும் முதல் மார்ச் மாதத்தில் என்னிடம் சொன்னது இதைத்தான்: "சார், இங்க வேர்க்கவே மாட்டேங்குது." அதையும் சந்தோஷமாக வேறு சொல்வார்கள்.

வேர்க்கிறதம்மா. வெளி வேலை செய்கிறவருக்கு ஊரில் வேர்த்த அளவுக்குக் குறையாமல் வேர்க்கிறது. தோலுக்கு வெளியே தலை காட்டியதும் காற்று அதைக் குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். நம்பிக்கை வராவிட்டால் இன்று சாயங்காலம் அவர் கழற்றிப் போடுகிற சட்டையை எடுத்து முதுகுப் பக்கம் பாருங்கள். கடல் ஓரத்துப் பாறையில் படிவது போல வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும். தண்ணீர் போய்விட்டது, உப்பு மட்டும் சாட்சிக்கு நிற்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், எடை பார்க்கும் மெஷினில் வேலைக்குக் கிளம்பும் முன்னும், வந்த பிறகும் அவரை நிற்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பிலிருந்து போயிருக்கிறது என்று கணக்கு. எங்கள் யூனிட்டில் இதை நான் ஒரு வாரம் செய்து காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காற்று கடலில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற காற்று. உங்கள் வியர்வையை வாங்கிக்கொள்ள அதற்கு வயிற்றில் இடம் இல்லை. அதனால்தான் வியர்வை சொட்டுகிறது, சட்டை ஒட்டுகிறது. ஜெய்சல்மேருக்கு வருவது பலுசிஸ்தான், சிந்து என்று காய்ந்த தரை மேலேயே நடந்து வருகிற காற்று. வழியில் சிந்து நதியை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி தண்ணீர் கிடையாது. ஊருக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 200 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் மண்ணில் ஆவியாக ஒரு சொட்டு ஈரம் இருக்காது. சூரியன் கொடுக்கிற சூடு முழுவதும் மணலைக் காய்ச்சவும் மணல் காற்றைக் காய்ச்சவும்தான் போகிறது. பொழுது சாய்ந்தால், மறைக்க மேகம் இல்லாததால் அதே சூடு மளமளவென்று வானத்துக்கு ஏறிவிடுகிறது. காலையில் பையனுக்கு ஸ்வெட்டர், மதியம் ஃபேன் என்று நீங்கள் குழம்புவது இதனால்தான்.

நம் பழைய தமிழில் கோடை என்றால் மேல்காற்று. தென்றல், வாடை, கொண்டல் மாதிரி அதுவும் ஒரு காற்றின் பெயர்தான், பிறகுதான் பருவத்துக்குப் பெயராயிற்று. ராஜஸ்தான்காரர்கள் 'லூ' என்று சொல்வது அச்சு அசல் அந்தக் காற்றை. ஏப்ரல் பாதியிலிருந்து மழை வரும் வரைக்கும் பகலெல்லாம் மேற்கிலிருந்து அடிக்கும். இப்போது மார்ச்சில் நீங்கள் பார்ப்பது லூ இல்லை. 'மேற்கத்திய இடையூறு' என்று வானிலை அறிக்கையில் வருமே, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வருபவை, அவை இமயமலைக்குப் பனியைக் கொடுத்துவிட்டு தார் பாலைவனத்துக்குக் காற்றையும் புழுதியையும் கொடுத்துவிட்டுப் போகும். நாலு தூறல் விழுந்தால் அதிர்ஷ்டம்.

இந்த உலர்ந்த வெயிலில் ஒரு நன்மை இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களைப் பயமுறுத்தியதாகிவிடும். மதியம் 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம் என்று வையுங்கள். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் காட்டினால் 21 டிகிரி பக்கம் இறங்கி நிற்கும். சென்னையில் 36 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் அதே ஈரத்துணித் தெர்மாமீட்டர் 29க்குக் கீழே போகாது. வேர்க்கிற மனுஷ உடம்பு அந்த ஈரத்துணி மாதிரிதான். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. சென்னையில் பாதி வியர்வை சொட்டி வீணாகும். ஜெய்சல்மேரில் ஒரு துளி வீணாகாது. ஆகவே நிழலும் தண்ணீரும் இருந்தால் 40 டிகிரி ஜெய்சல்மேர், 36 டிகிரி சென்னையைவிடச் சுகம். நான் அனுபவித்தே சொல்கிறேன். ஆனால் துணி ஈரமாக இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சுகம்.

சரி, எவ்வளவு குடிப்பது? வீட்டில் இருக்கிற உங்களுக்குக் கணக்கு தேவையில்லை. சிறுநீர் வைக்கோல் தண்ணீர் நிறத்தில் போனால் போதும். நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பையனுக்கும் இதுவே அளவுகோல், ஸ்கூல் விட்டு வந்ததும் கவனியுங்கள். கணவர் வெயிலில் வேலை செய்யும் நேரத்தில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அதற்காக ஒரே மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு பாட்டிலில் ஒன்றில் உப்புப் போட்ட மோர் கொடுத்து அனுப்புங்கள். காத்தாடி உச்சியில் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் வெளியைவிடச் சூடு அதிகம் என்று அவருக்கே தெரியும். தரையில் தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்ளலாம், எண்பது மீட்டர் உயரத்து ஏணியில் சுற்றினால் என்ன செய்வது? ஏறுகிற வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். ஏப்ரல் பத்துத் தேதி வாக்கில் நடந்தது, வெயில் 39தான். லீவு முடிந்து முந்தின ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய பையன் ஒருவன், ஊரில் இருபத்தைந்து நாள் இருந்துவிட்டு வந்தவன். மறுநாள் காலையிலேயே மணல் மூட்டை தூக்கப் போய்விட்டான். பதினோரு மணிக்குச் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறான். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். நான் போய்ப் பார்த்தபோது உடம்பு 41 டிகிரிக்கு மேல். முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. வெயில் தாக்கினால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்று எல்லாரும் படித்திருப்பார்கள். உழைக்கிறவர்களுக்கு வருகிற வெப்பத் தாக்கில் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டையைக் கழற்றினோம், ஜீப் முன்னால் தொங்குகிற கேன்வாஸ் தண்ணீர்ப் பையை அவிழ்த்து உடம்பெல்லாம் ஊற்றினோம், இரண்டு பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். அந்த வறண்ட காற்றே அப்போது எங்களுக்கு மருந்து. அரை மணியில் 39க்கு வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏற்றினோம்.

ஆகவே கணவரும் அவரோடு ஏறுகிறவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வெயிலில் வேலை செய்கிற ஒருவர் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ, நடை தள்ளாடினாலோ, அது வெப்பத் தாக்கு என்றே வைத்துக்கொண்டு வேலையை நிறுத்த வேண்டும். நிழலுக்குக் கொண்டு வந்து, தண்ணீர் ஊற்றி, விசிறி, அதே சமயம் 108க்கு போன் போட வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது, அது காய்ச்சலுக்கான மாத்திரை.

அந்தப் பையனைச் சாய்த்தது 39 டிகிரி இல்லை, அதே முகாமில் இருநூறு பேர் அன்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவன் உடம்பு வெயிலுக்கு இன்னும் பழகவில்லை. உடம்பு வெயிலைப் படித்துக்கொள்ள ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், வியர்வையில் போகிற உப்பு குறையும். இந்தப் படிப்பு விசித்திரமானது, இரண்டு மூன்று வாரம் வெயிலைவிட்டு விலகினால் மறந்துபோகும். மே மாதத்து 45 டிகிரியைவிட, மார்ச் கடைசியில் திடீரென்று ஏறுகிற 38, 39க்கு நான் அதிகம் பயப்பட்டது இதனால்தான். மே மாதம் ஊரே ஜாக்கிரதையாக இருக்கும், பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட இருக்காது. வசந்தத்தில் ரோஹிடா மரம் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும், காலைக் குளிர் இதமாக இருக்கும், யாரும் வெயிலை மதிக்க மாட்டார்கள்.

ஊருக்குப் போகலாமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இப்போதே ஓட வேண்டியதில்லை. நீங்கள் டிசம்பரிலிருந்து இருக்கிறீர்கள், வெயில் படிப்படியாக ஏற ஏற உடம்பும் கூடவே ஏறிக்கொண்டு வருகிறது. பையனைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் தாராளமாக விளையாட விடுங்கள், அடைத்து வைத்தால் பழக்கம் ஏறாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவது நல்லதுதான், பாட்டி வீட்டு மாம்பழத்தை விடச் சொல்வதற்கு நான் யார்? ஆனால் ஜூன் மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சாரல். அங்கே ஒரு மாதம் குளிர்ந்துவிட்டு ஜூன் கடைசியில் ஜெய்சல்மேர் ஸ்டேஷனில் இறங்கினால், நீங்கள் மறுபடியும் புது ஆள். மழை அங்கே எட்டிப் பார்க்க ஜூலை ஆகிவிடும். திரும்பி வந்த முதல் பத்து நாளை முதல் முறை வந்தது போலவே நடத்துங்கள். கணவர் லீவில் போய் வந்தாலும் இதே சட்டம்தான், முதல் நாளே முழு வேலைக்குப் போக வேண்டாம்.

அங்கே மே கடைசியில் 'நௌதபா' என்று ஒன்பது நாளைச் சொல்வார்கள். நம் அக்னி நட்சத்திரத்துக்குத் தம்பி. 2016 மே 19 அன்று பக்கத்து ஊரான பலோதியில் 51 டிகிரி பதிவானது நௌதபா தொடங்குவதற்கு முன்பே. ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட வானிலைத் துறையின் அன்றாட எச்சரிக்கையைப் பார்ப்பது மேல். சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47 என்றால் கடும் வெப்ப அலை என்பது அவர்கள் கணக்கு.

பையனின் மூக்குக்கு வருவோம். மூக்கின் நடுத்தண்டில், விரல் எட்டும் தூரத்தில், மெல்லிய ரத்தக் குழாய்கள் கூடுகிற ஓர் இடம் இருக்கிறது. வறண்ட காற்றில் அங்கே பொருக்குத் தட்டும், பையன் நோண்டுவான், ரத்தம் வரும். அடுத்த தடவை வந்தால் தலையை அண்ணாக்கச் சொல்லாதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். உட்கார வைத்துத் தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் எலும்புக்குக் கீழே இருக்கிற மெத்தென்ற பகுதியை இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு ஒரு தரம் விட்டு விட்டுப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது. இரண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் பிடித்தும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. உடம்பில் அடிபடாமலே நீலம் நீலமாகத் தடம் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ராத்திரி படுக்கும் முன் மூக்கின் உள் ஓரத்தில் பட்டாணி அளவு வாசலின் தடவுங்கள். அங்கே மூக்கில் எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். குழந்தைக்கு வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கினால் தொல்லை. படுக்கிற அறையில் ஓர் ஈரத் துண்டைக் கொடியில் போட்டு வைத்தாலே மூக்குக்கு நிம்மதி.

உதட்டை நக்க நக்கத்தான் வெடிப்பு கூடும். நெய்யோ வாசலினோ போதும். குளித்து முடித்து ஈரம் முழுதும் துவட்டும் முன் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால், நூல் மாதிரிப் பீளை வந்தால், அது இந்த மாதிரி ஊர்களில் சிறு பையன்களுக்கு வருகிற கண் அலர்ஜியாக இருக்கலாம். கண் டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், எரிச்சல் உடனே நிற்கும், மாதக்கணக்கில் போட்டால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையே போகும்.

கதவுப் பிடி ஷாக்குக்கு வயரிங்கைத் திட்ட வேண்டாம். ஊரில் காற்றின் ஈரம் நம் உடம்பில் சேர்கிற மின்னூட்டத்தை அவ்வப்போது வடித்துவிடும். அங்கே அது சேர்ந்துகொண்டே போய், இரும்பைத் தொட்டதும் ஒரே சொடுக்காக இறங்குகிறது. நைலான் சேலை, பாலியஸ்டர் போர்வை இருந்தால் இருட்டில் பொறியே தெரியும். பருத்திக்கு மாறுங்கள், குறையும்.

ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒரு தடவை சுரீர் என்று அடித்து நிற்பது வேறு. தொட்டுக்கொண்டிருக்கும் வரை விர்ரென்று இழுப்பது வேறு. கூலரின் தகர உடம்பைத் தொடும்போது இரண்டாவது வகை தெரிந்தால் அது மின்கசிவு. உடனே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கோடையிலும் வட இந்தியாவில் தகரக் கூலரைத் தொட்டுச் சாகிறவர்கள் உண்டு. என் மேசைக்கும் அப்படி இரண்டு பேர் வந்தார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த ஊர் மண்ணில் இன்னொரு சிக்கல்: காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாக வாங்காது, அதனால் பழைய வீடுகளில் எர்த் இருந்தும் இல்லாத மாதிரி. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் அதற்காகத்தான். வாடகை வீடு என்று பார்க்காமல், கூலரை இறக்கும் முன் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓடுகிற கூலரில் தண்ணீர் நிரப்பாதீர்கள். பையனைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கூலர் அந்த ஊருக்கென்றே பிறந்த பொருள். ஈரத்துணித் தெர்மாமீட்டர் கதைதான் அதுவும்: 40 டிகிரி காற்றை உள்ளே 26, 27க்குக் கொண்டு வந்துவிடும், மூக்குக்கு வேண்டிய ஈரத்தையும் கொடுக்கும். எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பது முக்கியம். ஏசி மாதிரி எல்லாவற்றையும் மூடினால் ஒரு மணியில் அறை குளியலறையாகிவிடும். வாரம் ஒரு முறை தண்ணீரை முழுசாக வடித்துத் தொட்டியைத் தேய்த்துக் காய விடுங்கள், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை நீங்களே வளர்த்ததாகும். அந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், கூலரில் ஈரமாக நிற்கிற தட்டிகள் சுண்ணாம்பு பிடித்துக் கட்டியாகும், மாற்ற வேண்டி வரும். கஸ் தட்டி என்று கடையில் கேட்டால் ஒரு வாசனைப் புல்வேர்த் தட்டி கொடுப்பார்கள். வாங்கி முகர்ந்து பாருங்கள், நம் வெட்டிவேர்தான். அப்புறம், வெறும் ஃபேன் 40 டிகிரி வரைக்கும்தான் உதவும். அதற்கு மேல் அது சூட்டைத்தான் முகத்தில் அள்ளி வீசும், ஈரத்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒழிய.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சண்டை வேண்டாம். பாக்கெட்டில் இருக்கிற வெங்காயம் பாக்கெட்டை நாற வைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. அதே வெங்காயத்தை நறுக்கி ரொட்டியோடும் மோரோடும் சாப்பிட்டால் நல்லது. அவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது 'ராப்' செய்முறையை. கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சி, ஆறவைத்துக் குடிப்பார்கள். நம் கம்பங்கூழும் அதுவும் ஒரு தாய் மக்கள். ஹோலி முடிந்த எட்டாம் நாள் ஷீத்லா அஷ்டமி வந்திருக்கும், அடுப்பு பற்ற வைக்காமல் முதல் நாள் சமைத்ததை ஆறினபடியே சாப்பிட்டிருப்பார்கள். ஷீத்லா அம்மைக்கான தெய்வம், நம் மாரியம்மன் மாதிரி. அதற்குப் பிறகு பழையது சாப்பிடக் கூடாது என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அது எனக்குச் சம்மதம். ஏப்ரலில் மதியம் செய்த பருப்பு ராத்திரிக்குள் கெட்டுவிடும்.

புழுதிப் புயலை 'ஆந்தி' என்பார்கள். லூ கண்ணுக்குத் தெரியாது, ஆந்தி மேற்கே ஒரு சுவர் மாதிரி எழும்பி வரும். சில சமயம் மஞ்சள், சில சமயம் கறுப்பு. சுவர் தெரிந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான்: கொடியில் கிடக்கிற துணி, மொட்டை மாடியில் விளையாடுகிற பையன், ஜன்னல், இந்த வரிசையில் பாருங்கள் (இல்லை, பையன் முதலில்). கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணியுங்கள். ஓய்ந்த பிறகு துடைப்பம் எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் அதே புழுதி நுரையீரலுக்குள் இரண்டாம் முறை போகும். வண்டியில் இருந்தால் சாலையைவிட்டு முழுசாக இறங்கி நிறுத்த வேண்டும், ஆனால் மரத்தடியிலும் மண்சுவர் ஓரத்திலும் வேண்டாம். 2018 மே 2 ராத்திரி ராஜஸ்தானின் கிழக்குப் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புயலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரைக் கொன்றது புழுதி அல்ல, இடிந்து விழுந்த சுவரும் கூரையும்தான்.

கடைசியாக உங்கள் மாமியார். ஏப்ரல் கடைசி வேண்டாம். வெயிலுக்குப் பழகாத, 64 வயது, சுகரும் பிபியும் இருக்கிற உடம்பை நேராக 42 டிகிரியில் கொண்டுபோய் இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் போக வைப்பவை. அந்த ஊரில் அவற்றோடு தண்ணீரும் குறைந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிடக் கெடுதல். அவருடைய டாக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும். மோரில் உப்பு என்று நான் உங்கள் கணவருக்குச் சொன்னது அவருக்குப் பொருந்தாது, அதையும் டாக்டரிடமே கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கிடைக்கிற தூக்க மாத்திரை மாதிரியான பழைய அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், கோடையில் அவற்றைத் தள்ளியே வையுங்கள்.

டிக்கெட்டை நவம்பருக்கு மாற்றிப் போடுங்கள். கோட்டையையும் மணல் மேட்டையும் அப்போதுதான் பார்க்க முடியும். எப்போது வந்தாலும் இன்சுலினை ரயில் ஜன்னல் ஓரத்திலோ சூட்கேஸுக்குள்ளோ வைக்கக் கூடாது, உபயோகத்தில் இருப்பது 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வந்த பிறகு கரண்ட் போனால் பயம் வேண்டாம். ஒரு பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டியை வைத்து, இடையில் மணலை நிரப்பித் தண்ணீர் தெளியுங்கள். மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி உள்சட்டியில் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, காற்று படுகிற நிழலில் வைத்துவிடுங்கள். அந்த ஊர்க் காற்று ராத்திரி பகலாக அதைக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். மணலுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.